கைக்குழந்தையோடு கார் விபத்தா? பதறி வாரி எடுக்காதீர்கள்

நான் 108 ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறேன். விபத்துக்குள்ளான காரில் கைக்குழந்தை இருந்தால், ஓடி வருகிறவர்கள் அதை வாரி எடுத்து, குலுக்கி, தண்ணீர் புகட்டுகிறார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் மூன்றுமே ஆபத்து.

என்ஜினை அணைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தீயோ புகையோ இல்லாமல், பிள்ளை சீராக மூச்சு விட்டால், அதன் இருக்கையிலேயே இருக்கட்டும். உடம்பைப் பார்க்க அதற்குத் தலை பெரிது. கழுத்துக்கு வலு கிடையாது. எடுத்தே தீர வேண்டுமென்றால் தலை, கழுத்து, முதுகை ஒரே நேராகத் தாங்கி எடுங்கள்.

"அழுது ஓய்ஞ்சு தூங்கிட்டாம்மா" என்று தாய்மார்கள் நிம்மதியாகச் சொல்லும்போதுதான் எனக்குப் பயம். எழுப்பினாலும் கண் திறக்காத தூக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, காது மூக்கில் கசிவு, புடைத்த உச்சிக்குழி எல்லாம் தலைக்காயத்தின் அறிகுறிகள். காயமே தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பணத்தை எண்ணித் தயங்காதீர்கள். பலமாக அடிபட்ட காரிலிருந்த குழந்தை இருக்கையை மறுபடி பயன்படுத்தவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்ட இருக்கை அடுத்த முறை பிள்ளையைக் காப்பாற்றாது.