தோட்டத்து மக்களும் திரைப்படமும்

கேகாலையிலிருந்து கரவனெல்லைக்குச் செல்லும் பாதையில், இடைவழியிலே இருப்பது புளத்கொகுபிட்டிய. தாழ்ந்த சரிவுகளில் இறப்பர் மரங்களும், மேலே ஏற ஏறத் தேயிலையும் சூழ்ந்த ஊர் அது. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் செல்லும் தமிழ்த் தொழிலாளர் இப்பகுதியிலே பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். உழைத்துக் களைத்த அவர்களுக்குச் சினிமாவைப் போல் ஆறுதல் தந்த கலை வேறொன்றில்லை எனலாம். சென்னைப் படங்களின் பாடல்கள் இலங்கை வானொலி வழியாக லயத்துக் காம்பராக்களுக்குள் நுழைந்து குடும்பத்தில் ஒருவரைப் போலவே தங்கிவிட்டன. ஆயினும் அந்தத் திரையிலே அரசர் வந்தனர், ஜமீன்தார் வந்தனர், பட்டணத்துச் சீமான்கள் வந்தனர்; கூடையைத் தலையில் மாட்டிய இலங்கைக் கொழுந்துக்காரி வந்தது மிக அரிது.

தன் முகத்தைத் திரையிலே காணாதிருந்த மக்கள் உலகில் வேறு இடங்களிலும் உண்டு. ஆபிரிக்காவிலிருந்த பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில், அரசின் அனுமதியின்றிப் படம் எடுப்பதைத் தடுக்கும் ஆணை 1934-ஆம் ஆண்டு பிறந்தது. ஆபிரிக்கரைப் பற்றிய படங்களைப் பிறரே எடுத்தனர். இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன். அவர் மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தொழிலாளி, தொழிற்சங்கவாதி, பின்னர் நாவலாசிரியர். தம் மக்களுட் பெரும்பாலோர் நூல் படிக்க அறியாதவர் என்பதை உணர்ந்து, எழுத்திலிருந்து திரைக்கு வந்தார். பிரான்சுக்கு வீட்டுவேலைக்குச் சென்று துயருற்று மாண்ட ஒரு பெண்ணின் கதையை 1966-இல் படமாக்கினார். 1968-இல் 'மண்டாபி' என்னும் படத்தை வொலோஃப் என்ற தாய்மொழியிலேயே எடுத்தார்.

இலங்கைக் கதையிலோ ஒரு விந்தை உண்டு. 1947-இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமாகிய 'கடவுனு பொரொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் உருவானது மதுரையில். சிங்களப் படத்துறைக்குத் தமிழர் இவ்வாறு முதலும் உழைப்பும் தந்திருக்க, இந்நாட்டில் ஒரு தமிழ்ப் படம் பிறக்க மேலும் பதினைந்து ஆண்டுகள் சென்றன. ஹென்றி சந்திரவன்ச என்னும் சிங்களக் கலைஞர் 1962-இல் 'சமுதாயம்' படத்தை 16 மில்லிமீட்டர் சுருளில் எடுத்தார். மறு ஆண்டில் கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' வந்தது. பெயரே தோட்டத்தின் பெயர்!

அந்தப் பாதையில் உறுதியாக நடந்தவர் வி. பி. கணேசன். செம்பேனைப் போலவே இவரும் தொழிற்சங்கவாதி. சங்க மேடையில் பேசியதைத் திரையிலும் பேச விரும்பிய இவர் 1975-இல் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து, அதில் நடிக்கவும் செய்தார். எஸ். ராமநாதன் இயக்கினார், மலையகத்து எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் எழுத்தில் துணை நின்றார். பிரசாவுரிமை இழந்த மக்கள், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறிய காலம் அது. அவ்வேளையில் தோட்டத் தொழிலாளியே கதைத்தலைவனாகத் திரையில் நின்றது சிறிய செய்தியன்று. 'நான் உங்கள் தோழன்' 1978-இலும், 'நாடு போற்ற வாழ்க' 1981-இலும் தொடர்ந்தன. இவை குறையற்ற படங்களல்ல. சென்னைப் பாணியின் சாயல் அவற்றில் உண்டு. பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுதானே இலக்கணம்!

1983 ஜூலைக் கலவரத்தில், கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ ஹெந்தளையில் எரியுண்டது. படத்துறைத் தமிழர் பலர் சிதறினர். இலங்கைத் தமிழ்ப் படங்களின் வரவு ஏறத்தாழ நின்றுபோயிற்று. பின்வந்த தலைமுறை புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தே எழுந்தது. இலண்டன் வாழ் புதியவன் 2006-இல் 'மண்' எடுத்தார். கனடாவிலிருந்து லெனின் எம். சிவம் 2009-இல் '1999' எடுத்தார். நாட்டினுள்ளே சுமதி சிவமோகன் 2013-இல் 'இங்கிருந்து' என்ற படத்தில் மலையகத் தமிழரின் வாழ்வை மீண்டும் திரைக்குக் கொணர்ந்தார்.

தலைமுறைகள் இவ்வாறு உண்டு. அவற்றை இணைக்கும் இழைதான் நைந்து கிடக்கிறது. செனகலில் ஜிப்ரில் டியோப் மாம்பெத்தி 1973-இல் 'தூக்கி பூக்கி' எடுத்தார். அப்படம் 2008-இல் செப்பனிடப்பட்டது. அவருடைய சகோதரரின் மகள் மாத்தி டியோப், அதில் நடித்தவரையே நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிச் சென்று 2013-இல் வேறொரு படம் எடுத்தார். பெரியப்பன் படைத்ததைக் கண்ணால் காண அவருக்கு வழியிருந்தது. இலங்கையின் பழைய தமிழ்ப் படங்களுட் பலவற்றின் நல்ல பிரதிகளோ எளிதிற் கிடைப்பதில்லை. புளத்கொகுபிட்டியவில் கமராவைக் கையில் எடுக்கும் இளைஞன் ஒருவன், தன் பாட்டன் காலத்துத் தோட்டம் திரையில் எவ்வாறு தோன்றியது என்று அறிய விரும்பினால், தம்பிஐயா தேவதாஸ் எழுதிய 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்னும் நூலைத்தான் பெரும்பாலும் புரட்ட வேண்டியிருக்கிறது.