மாணவர்களின் முதல் கிரெடிட் கார்டு

"நான் காலேஜில் படிக்கிறேன். எனக்குக் கிரெடிட் கார்டு கிடைக்குமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட்டில் பொருட்கள் வாங்கத் தொடங்கும் மாணவர்கள் சாஃப்ட்வேர் என்ஜினியரான என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எங்கள் ஊர் பாபநாசம். இங்கிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் கல்லூரிகளுக்குப் போய் வரும் பலரது வீட்டில் விவசாயம்தான் தொழில். வங்கி கேட்கும் சேலரி சிலிப்புக்கு எங்கே போவது?

இதற்கு வழி இருக்கிறது. ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடாக வைத்துக்கொண்டு பல வங்கிகள் கார்டு தருகின்றன. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சேலரி சிலிப் தேவையில்லை. டெபாசிட்டில் பெரும்பகுதி உங்கள் கிரெடிட் லிமிட் ஆகும். டெபாசிட்டுக்கு வட்டியும் வரும். நீங்கள் பில் கட்டாவிட்டால் வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டாகப் பார்த்து வாங்குங்கள்.

ரூபே கார்டாக இருந்தால் யுபிஐ ஆப்பில் இணைத்து, கடைகளில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தும் பணம் செலுத்தலாம். 2022 முதல் இந்த வசதி உள்ளது.

பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று 'டோட்டல் டியூ', மற்றொன்று 'மினிமம் டியூ'. 10,000 ரூபாய் பில்லுக்கு மினிமம் 500 மட்டும் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால், மீதி 9,500 ரூபாய்க்கு வட்டி சுமார் 332, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 60. நீங்கள் கட்டிய 500-இல் 392 ரூபாய் இப்படியே போய்விடும். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி உண்டு. ஏடிஎம்மில் இந்தக் கார்டால் பணம் எடுத்தாலும் அப்படித்தான். குறுவை, சம்பா பணம் அறுவடைக்குத்தான் வீட்டுக்கு வரும். கார்டு பில்லோ மாதாமாதம் வந்து நிற்கும். எனவே கையில் இருக்கும் பணத்துக்கு மட்டும் கார்டைத் தேய்த்து, டோட்டல் டியூவை முழுவதுமாகக் கட்டுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு விதிப்படி புதிய கார்டில் ஆன்லைன் வசதி அணைக்கப்பட்டே வரும். வங்கியின் ஆப்பில் அதை ஆன் செய்து, குறைந்த லிமிட் வையுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆஃப் நிலையிலேயே விட்டுவிடுங்கள். ஓடிபி, சிவிவி எண்களை யாருக்கும் சொல்லாதீர்கள்.

ஒழுங்காகக் கட்டி வந்தால் உங்கள் சிபில் ஸ்கோர் உயரும். இது 300 முதல் 900 வரை இருக்கும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி முதலில் பார்ப்பது இதைத்தான். முதல் மாதம் மொபைல் ரீசார்ஜை மட்டும் கார்டில் செய்து, பில் வந்ததும் கட்டிப் பழகுங்கள்.