வண்டியை லோ பண்றதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்துட்டு வாங்க

நம்ம காலேஜ் பார்க்கிங்ல ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ரெண்டு விரல்கூட நுழையாத கார் ஒண்ணாவது நிக்கும். பார்க்க அழகாத்தான் இருக்கும், மறுக்கல. நானும் ஒரு காலத்துல அதைப் பார்த்து ஏங்கின ஆளுதான்.

போன வருஷம் எங்க அத்தான் ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கினார். வாங்கின மூணாவது வாரம் ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டார். லோயரிங் ஸ்பிரிங் கிட் விலையைக் கேட்டதும் முகம் சுருங்கிருச்சு. மெக்கானிக் சொன்ன யோசனை இது: “கிட்டு எதுக்குத் தம்பி? இருக்கிற ஸ்பிரிங்லயே ஆளுக்கு ஒரு சுத்து வெட்டிருவோம். ரேஸ் வண்டி மாதிரி நிக்கும்.” சாயங்காலமே வெட்டியாச்சு. வண்டி 40 மி.மீ. இறங்கிருச்சு.

ஒரு மாசம் கழிச்சு, ராத்திரி தூத்துக்குடி நைட் கிளப்ல புரோட்டா சாப்பிட்டுட்டு (வெளியூர் வாசகர்களுக்கு: எங்க ஊர்ல நைட் கிளப்னா புரோட்டா கடை) அஞ்சு பேரா திருச்செந்தூர் ரோட்டுல கிளம்பினோம். உப்பளம் பக்கம் ஒரு வளைவு. வளைவுக்கு நடுவுல சின்னப் பாலம், பாலமும் தாரும் சேர்ற இடத்துல ஒரு பள்ளம். வேகம் ஒண்ணும் பெருசா இல்லை. பின்னாடி “டக்”னு ஒரு சத்தம். அடுத்த நொடி வண்டியோட வால் வெளிய போயிருச்சு. ரோட்டை விட்டு இறங்கி உப்பள வரப்புல போய் நின்னோம். ஒரு ரிம்மும் பம்பரும் போச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. எதிர்ல உப்பு லாரி வந்திருந்தா இந்தக் கட்டுரையை வேற யாராவது எழுதியிருப்பாங்க.

அந்த “டக்” என்னன்னு புரிஞ்சுக்க எனக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு. உங்களுக்குப் பத்து நிமிஷத்துல சொல்லிடறேன்.

முதல்ல, வண்டியை ஏன் இறக்கணும்? கார் வளையும்போது உள்பக்கச் சக்கரங்கள் மேல இருக்கிற எடையில கொஞ்சம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகுது. இதுக்குப் பேர் லோடு டிரான்ஸ்ஃபர். டயர் ஒரு விசித்திரமான பொருள்: மேல இருக்கிற எடையை ரெண்டு மடங்கு ஆக்கினா பிடிப்பு ரெண்டு மடங்கு ஆகாது, கொஞ்சம் குறைவாத்தான் கூடும். அதனால ஆளுக்கு 300 கிலோ சுமக்கிற ரெண்டு டயர் சேர்ந்து கொடுக்கிற பிடிப்பை, 500 கிலோவும் 100 கிலோவும் சுமக்கிற ரெண்டு டயர் கொடுக்காது. எடை எவ்வளவு குறைவா இடம் மாறுதோ அவ்வளவு நல்லது.

எவ்வளவு மாறும்? எடையை, பக்கவாட்டு முடுக்கத்தால பெருக்கி, ஈர்ப்பு மையத்தோட உயரத்தால பெருக்கி, இடது வலது சக்கர இடைவெளியால வகுத்தா வந்துரும். 900 கிலோ கார், 0.6 ஜி அளவு வளைவு, மைய உயரம் 0.55 மீட்டர், சக்கர இடைவெளி 1.53 மீட்டர்னு வெச்சுக்கோங்க. சுமார் 194 கிலோ வருது. இப்ப வண்டியை 30 மி.மீ. இறக்குங்க. மைய உயரம் 0.52 ஆகும். விடை சுமார் 184 கிலோ.

பத்தே கிலோ. அஞ்சு சதவீதம். இவ்வளவு ஆர்ப்பாட்டமும் இதுக்குத்தான்.

இன்னொண்ணையும் கவனிங்க. அந்தக் கணக்குல ஸ்பிரிங் எங்கயாவது வந்துச்சா? வரலை. ஸ்பிரிங்கை எவ்வளவு விறைப்பாக்கினாலும் மொத்த லோடு டிரான்ஸ்ஃபர் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். உடம்பு சாயறது குறையும். முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுங்கிற பங்கீடு மாறும். வண்டி சாயாம போறதைப் பார்த்து “கிரிப் கூடிருச்சு”ன்னு நம்ம மூளை நினைச்சுக்குது. டயருக்கு அது தெரியாது.

சரி, லாபம் அஞ்சு சதவீதம். நஷ்டம் எவ்வளவு? இங்கதான் டேப் வேணும்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேல ஏற ஒரு அளவு இடம் உண்டு. அது முடியிற இடத்துல ரப்பரோ ஃபோமோ வெச்ச ஒரு கட்டை இருக்கும், பம்ப் ஸ்டாப். கம்பெனி வண்டியில பின்சக்கரத்துக்கு மேல 80 மி.மீ. இடம் இருக்குன்னு எடுத்துக்குவோம். ஒவ்வொரு பின்சக்கரத்துலயும் ஒரு மி.மீ. அமுக்க 20 நியூட்டன் வேணும்னு வெச்சுக்குவோம். பின்சீட்டுல மூணு பேர், 210 கிலோ. பக்கத்துக்கு 105 கிலோ, அதாவது சுமார் 1030 நியூட்டன். வண்டி 51 மி.மீ. அமுங்கும். பள்ளம் மேடு வாங்க 29 மி.மீ. மிச்சம்.

வெட்டின ஸ்பிரிங்ல? 40 மி.மீ. ஏற்கெனவே போச்சு. ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாயிருச்சு, 24 நியூட்டன்னு வெச்சா மூணு பேருக்கு 43 மி.மீ. அமுங்கும். 80ல 40 போச்சு, 43 போச்சு. மிச்சம் ஒண்ணுமில்லை. வண்டி நிக்கும்போதே பம்ப் ஸ்டாப் மேல உட்கார்ந்திருக்கு!

அதுதான் அந்த “டக்”. பம்ப் ஸ்டாப் முழுசா அமுங்கினதும் சஸ்பென்ஷன்னு ஒண்ணு கிடையாது, டயர் மட்டும்தான் ஸ்பிரிங். பின்பக்கத்தோட விறைப்பு ஒரே நொடியில பல மடங்கு ஏறுது. லோடு டிரான்ஸ்ஃபர்ல பின்பக்கத்தோட பங்கு குபீர்னு கூடுது. வெளிப்பக்கப் பின்டயர் எல்லாத்தையும் தாங்கப் பார்த்து, முடியாம வழுக்குது. வால் வெளிய வருது. முன்பக்கம் அடிச்சிருந்தா ஸ்டியரிங் திருப்பியும் திரும்பாம நேரா போயிருக்கும். எது அடிச்சாலும் ஓட்டுறவருக்கு முன்னறிவிப்பு கிடையாது.

ஸ்பிரிங் ஏன் விறைப்பாச்சுன்னு மெஷின் டிசைன் படிச்சவங்களுக்குத் தெரியும். காயில் ஸ்பிரிங்கோட விறைப்பு கம்பி விட்டத்தோட நாலாம் அடுக்குக்கு நேர்விகிதம், சுருள் விட்டத்தோட மூணாம் அடுக்குக்கும் வேலை செய்ற சுற்றுகளோட எண்ணிக்கைக்கும் எதிர்விகிதம். ஆறு சுற்றுல ஒண்ணை வெட்டினா அஞ்சு. விறைப்பு 20 சதவீதம் கூடும். மெக்கானிக் இதைத்தான் “ரேஸ் ஸ்பிரிங்”னு வித்தார். ஆனா ஷாக் அப்சார்பர் பழசுதானே? டேம்பிங் விகிதம் விறைப்போட வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்துல குறையும். 20 சதவீதம் விறைப்புக்கு டேம்பிங் சுமார் 9 சதவீதம் குறையுது. அதுவும் லட்சம் கிலோமீட்டர் ஓடின ஷாக்! அதனாலதான் லோ பண்ணின பல வண்டிங்க சின்ன மேட்டுக்கே ரெண்டு மூணு தடவை குதிக்குது.

வெட்டினதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. ஸ்பிரிங்கோட முனை, அது உட்கார்ற தட்டுக்கு ஏத்த மாதிரி வடிவமா செஞ்சது. வெட்டின முனை அப்படி உட்காராது. சக்கரம் முழுசா கீழ தொங்கும்போது குட்டை ஸ்பிரிங் தட்டுல லூசாகி நகரவும் செய்யலாம். கேஸ் கட்டிங்ல வெட்டியிருந்தா இன்னும் மோசம். அந்தச் சூட்டுல எஃகு தன்னோட டெம்பரை இழந்துரும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயம், ரோல் சென்டர். நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான சின்னக் கார்களுக்கு முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். வண்டியை இறக்கினா கீழ்க்கை சக்கரப் பக்கம் மேல தூக்கிக்கும். அப்ப ரோல் சென்டர், ஈர்ப்பு மையத்தைவிட வேகமா கீழ போகும். ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கிற நெம்புகோல். அது நீளுது. சாயாம இருக்கத்தான் இறக்கினோம், இப்ப சாய்க்கிற விசைக்கே கை கொடுத்துட்டோம். கூடவே கேம்பர், டோ ரெண்டும் மாறும். அலைன்மென்ட் பண்ணாம ஓட்டினா டயரோட உள்விளிம்பு சில மாசத்துல மொட்டை.

அப்ப ரேஸ் கார் எல்லாம் தரையைத் தொட்டுட்டு ஓடுதேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. தமிழ்நாட்டு ரேஸிங் வளர்ந்த இடம் சோழவரம், உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வெச்சு ஒற்றை இருக்கை ரேஸ் கார் செஞ்சது இந்தச் சூழல்லதான். அவர் பேர்லதான் செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. அங்க பாலமும் தாரும் சேர்ற பள்ளம் கிடையாது, பின்சீட்டுல மூணு பேர் கிடையாது, பின்சீட்டே கிடையாது. அப்படியும், அதே டிராக்குல நம்ம மாதிரி பசங்க கலந்துக்கிற ஃபார்முலா பாரத் மாதிரியான ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகளோட விதி என்ன சொல்லுது தெரியுமா? டிரைவர் உட்கார்ந்த நிலையில சக்கரம் குறைஞ்சது 50 மி.மீ. அசையணும். பளிங்கு மாதிரி டிராக்குக்கே அவ்வளவு. எங்க அத்தான் வண்டியில அன்னிக்கு மேல ஏற மிச்சம் பூஜ்யம்.

ஸ்பீடு பிரேக்கருக்கு வருவோம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்ற வட்ட வடிவ மேடு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம். 2.45 மீட்டர் வீல்பேஸ் உள்ள ஸ்விஃப்ட்டோட நாலு சக்கரமும் அது மேல நிக்கும்போது, வண்டியோட வயிற்றுப்பக்கம் மேடு வெறும் 44 மி.மீ.தான் எழும்பும். லோ பண்ணின வண்டிகூட மெதுவா தாண்டிரும். ஆனா நம்ம தெருவுல நாலு பேர் சேர்ந்து ராவோட ராவா போட்ட சிமென்ட் மேடு இருக்கே, ஒரு அடி அகலம், அதே 10 செ.மீ. உயரம். அது வண்டியோட நடுவுல வரும்போது முழு 100 மி.மீ.யும் எழும்பும். ஸ்விஃப்ட்டோட கிரவுண்ட் கிளியரன்ஸ் 163. அஞ்சு பேர் ஏறினா 40க்கு மேல போயிரும், லோ பண்ணினதுல இன்னொரு 40. மிச்சம் 80. சைலன்சருக்கு அஞ்சலி.

தூத்துக்குடிக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு: உப்பு. ஸ்பிரிங் எஃகு ரொம்ப வலுவானது, அதனாலேயே மேற்பரப்புல ஒரு சின்ன அரிப்புக்குழி விழுந்தாலும் அங்கிருந்து விரிசல் வளரும். கம்பெனிக்காரன் அதுக்குத்தான் மேல பூச்சு பூசறான். வெட்டின முனையில பூச்சு எங்க? ஹார்பர் ரோடு, முத்தையாபுரம் பக்கம் தினம் ஓட்டினா கடல் காத்தும் உப்புத் தூசியும் நேரா அங்க போய் உட்காரும். காசு போட்டு காயில்ஓவர் வாங்கினவங்களுக்கும் இதே கதைதான். உயரம் மாத்துற மரை ஆறு மாசம் கழுவாம விட்டா இறுகிரும், ஸ்பேனர் வளையும்.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, வண்டியைக் கம்பெனி அளவுகளுக்கு மாறா மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிச்சு. அதே வருஷத் திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லேன்னா ரெண்டும். கிட் வாங்குறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்காரங்க கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க.

வண்டி நல்லா வளையணும்னு ஆசை இருந்தா, காசை இந்த வரிசையில போடுங்கன்னு சொல்வேன். முதல்ல டயர்: நல்ல டயர், சரியான காத்து. பிடிப்பு அங்கதான் இருக்கு. அடுத்து தேஞ்ச ஷாக், கீழ்க்கை புஷ், ஸ்ட்ரட் மவுண்ட். பழைய வண்டியில இதை மாத்தினாலே புது வண்டி மாதிரி இருக்கும், பலர் ஸ்பிரிங்கைக் குறை சொல்ற இடத்துல குற்றவாளி புஷ்தான். அப்புறம் அலைன்மென்ட். இதுக்கு மேலயும் இறக்கியே ஆகணும்னா ஸ்பிரிங், அதுக்கேத்த ஷாக், குட்டை பம்ப் ஸ்டாப் மூணும் ஒரே செட்டா, 25 மி.மீ.க்குள்ள. மாட்டின பிறகு ஹெட்லைட் கோணத்தையும் சரி பண்ணுங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி, சமதளத்துல நிறுத்தி ஒவ்வொரு சக்கர நடுவுல இருந்தும் மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வைங்க. நாலு பேரை ஏத்தி மறுபடி அளங்க. ஷாக் தண்டுல ஒரு கேபிள் டையைத் தளர்வா கட்டிவிட்டு, வழக்கமா போற ரோட்டுல ஒரு நாள் ஓட்டுங்க. பம்ப் ஸ்டாப் எவ்வளவு நெருங்கினதுன்னு அந்த டை நின்ன இடம் சொல்லிரும். ரேஸ் டீம்களும் இதைத்தான் பண்றாங்க. செலவு ரெண்டு ரூபா.

எங்க அத்தான் பழைய அளவு ஸ்பிரிங்கே புதுசா வாங்கிப் போட்டார், ஷாக்கும் சேர்த்து. கிட்டுக்குச் சொன்ன விலையைவிட மொத்தச் செலவு கூடிருச்சு, ரிம்மும் பம்பரும் தனி. வெட்டின ஸ்பிரிங்ல ஒண்ணு அத்தை வீட்டு மொட்டைமாடிக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிக்குது. வெட்டின முனை மட்டும் செக்கச்செவேல்னு துருப்பிடிச்சு, தொட்டா கையில ஒட்டுது.