ஸ்டாண்ட் மிக்சர் வாங்கும் முன் ஒரு வேலைக் கணக்கு

ஒரு நல்ல ஸ்டாண்ட் மிக்சரின் விலையில் சிறு குடும்பத்திற்கான குளிர்பதனப் பெட்டி ஒன்றையே வாங்கிவிட முடியும். நம் நாட்டுச் சந்தையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கருவிகளும் உண்டு. ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டும் கருவிகளும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். தலை, கிண்ணம், கிண்ணத்துக்குள் சுழலும் துடுப்பு என அமைப்பிலும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆகவே, விளம்பரப் படத்தையும் தள்ளுபடி விழுக்காட்டையும் கண்டு முடிவெடுப்போர் பலர். சிலரது வீட்டில் அது நாள்தோறும் உழைக்கிறது. வேறு சிலரது வீட்டிலோ உறையிட்டு மூடிய காட்சிப்பொருளாகிவிடுகிறது. இந்த வேறுபாடு பெரும்பாலும் கருவியின் தரத்தால் விளைவதன்று. வாங்குவதற்கு முன் நாம் நமது வேலையை அளந்து பார்த்தோமா இல்லையா என்பதனால் விளைவது.

உழைப்பைக் குறைக்கப் பிறந்த கருவி

1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இயங்கிய ஹோபார்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், அடுமனைத் தொழிலாளி ஒருவர் பெரிய கரண்டியால் மாவைக் கிளறி அல்லற்படுவதைக் கண்டு இத்தகைய இயந்திரத்தை உருவாக்க முனைந்தார் எனக் கூறப்படுகிறது. முதலில் பெரிய அடுமனைகளுக்கும் கப்பல் சமையற்கூடங்களுக்கும் பயன்பட்ட அந்த இயந்திரத்தின் வீட்டு வடிவம் 1919-இல் வெளிவந்தது.

இதன் தனிச்சிறப்பு, கோள்களின் இயக்கத்தை ஒத்த சுழற்சியாகும். துடுப்பு ஒரு திசையில் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். அதே வேளையில் எதிர்த்திசையில் கிண்ணத்தையும் வலம் வரும். இதனால் கிண்ணத்தின் எந்தப் பகுதியும் விடுபடாமல் மாவு கலக்கிறது. ஒரு நூற்றாண்டு கடந்தும் பெரும்பாலான ஸ்டாண்ட் மிக்சர்கள் இந்த அடிப்படையிலேயே இயங்குகின்றன.

நமது வேலை எது?

இக்கருவியுடன் வழக்கமாக மூன்று துணைப்பாகங்கள் வரும். தட்டையான துடுப்பு, வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்துக் கேக் மாவு கலப்பதற்கு. கம்பி அடிப்பான், முட்டையின் வெண்கருவையும் கிரீமையும் நுரைக்க அடிப்பதற்கு. கொக்கி வடிவப் பாகம், ரொட்டி மாவைப் பிசைவதற்கு. இம்மூன்றில் நம் வீட்டில் எது அடிக்கடி நடைபெறும் என்பதே முதல் கேள்வி.

மாதம் ஒன்றிரண்டு கேக்குகளும், அவ்வப்போது கிரீம் அடிக்கும் வேலையும் மட்டுமே என்றால், கையில் பிடித்து இயக்கும் ஹேண்ட் மிக்சரே போதுமானது. அதன் விலை மிகக் குறைவு, இழுப்பறையில் அடங்கும், சிறிய அளவுகளை அது பெரிய கருவியைவிட நன்றாகவே அடிக்கும். ஏனெனில், ஐந்து லிட்டர் கிண்ணத்தின் அடியில் கிடக்கும் ஒற்றை முட்டையின் வெண்கருவைக் கம்பி அடிப்பான் சரிவரத் தொடுவதில்லை.

சப்பாத்தி மாவு பிசைவதே முதன்மை நோக்கமெனில், வீட்டிலுள்ள டேபிள் டாப் கிரைண்டரை முதலில் நோக்குவோம். பல கிரைண்டர்களுடன் மாவு பிசையும் பாகமும் சேர்ந்தே வருகிறது. அது பெட்டியைவிட்டு வெளியே எடுக்கப்படாமலே கிடக்கும் வீடுகள் உண்டு.

வாரந்தோறும் ரொட்டி, பாவ், பன் செய்பவர்களுக்கும், ஒரே நாளில் பல கேக்குகள் செய்பவர்களுக்கும்தான் ஸ்டாண்ட் மிக்சர் உண்மையான துணையாகிறது. ரொட்டி மாவைக் கையால் பிசைய பத்து முதல் பதினைந்து நிமிடம் வரை தோள்வலிக்க உழைக்க வேண்டும். கருவி அவ்வேலையை ஏற்கும்போது நமக்குக் கிடைப்பது நேரம் மட்டுமன்று; மூட்டுவலி, மணிக்கட்டு வலி உடையவர்களுக்கு அடுமனைக் கலையே மீண்டும் கைகூடுகிறது.

வாட் எண் சொல்வதும் சொல்லாததும்

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படும் எண் வாட் அளவு. 1,200 வாட் கருவி, 300 வாட் கருவியைவிட நான்கு மடங்கு வலிமையானது என நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் வாட் என்பது கருவி மின்சாரத்தை எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதற்கான அளவே ஆகும். மாவை எவ்வளவு விசையுடன் திருப்புகிறது என்பதற்கான அளவன்று. நேர்த்தியான பற்சக்கர அமைப்பும் உலோக உடலும் கொண்ட 300 வாட் கருவி கெட்டியான மாவைச் சோர்வின்றிப் பிசைவதும், 1,200 வாட் எனக் குறிக்கப்பட்ட கருவி அதே மாவில் திணறுவதும் உண்டு.

ஆகவே, வாட் எண்ணுக்குப் பதிலாக வேறு மூன்றினைக் கேட்டறிவது நன்று. பற்சக்கரங்கள் உலோகத்தாலானவையா, பிளாஸ்டிக்காலானவையா? ஒருமுறைக்கு எத்தனை கிலோ மாவைப் பிசையலாமெனக் கையேடு கூறுகிறது? எத்தனை நிமிடம் தொடர்ந்து இயக்கலாம், பின்னர் எவ்வளவு நேரம் ஓய்வளிக்க வேண்டும்? கையேட்டில் குறிக்கப்படும் மாவின் அளவு பெரும்பாலும் மைதாவுக்கானது என்பதையும் நினைவிற் கொள்வோம். முழுக் கோதுமை மாவு கெட்டியானது. அதற்குரிய அளவு குறைவாகவே இருக்கும். பிசையும் வேலையைத் தாழ்ந்த வேகத்திலேயே செய்ய வேண்டும் என்பதும் பொதுவான விதி.

சில கருவிகளில் ஒரு பற்சக்கரம் மட்டும் வேண்டுமென்றே சற்று மென்மையாக அமைக்கப்படுகிறது. சுமை மிகுந்தால் அது முதலில் தேய்ந்து உடைந்து, மோட்டாரைக் காப்பாற்றும். எனவே அந்த உதிரிப்பாகம் நம் ஊரில் கிடைக்குமா, அதை மாற்றித்தரும் சேவை மையம் அருகில் உண்டா என்று வாங்கும்போதே கேட்பது அறிவுடைமை.

கிண்ணம், இடைவெளி, எடை

நால்வர் அடங்கிய குடும்பத்திற்கு நான்கு முதல் ஐந்து லிட்டர் வரையிலான எஃகுக் கிண்ணம் பொதுவாகப் போதுமானது. தலைப்பகுதியைப் பின்னால் சாய்க்கும் வகை வீட்டு உபயோகத்திற்கு எளிது. கிண்ணத்தை நெம்புகோலால் உயர்த்தும் வகை கெட்டியான மாவுக்கும் பெரிய அளவுக்கும் ஏற்றது. விலையும் உயரமும் கூடுதல்.

துடுப்புக்கும் கிண்ணத்தின் அடிப்பகுதிக்கும் இடையிலான இடைவெளி முக்கியமானது. உரசவும் கூடாது, மிகவும் விலகியிருக்கவும் கூடாது. விலகியிருந்தால் அடியிலுள்ள வெண்ணெய் கலக்காமலே தங்கிவிடும். இந்த இடைவெளியைத் திருகாணி மூலம் சரிசெய்யும் வசதி பல கருவிகளில் உண்டு; கடையில் அதைச் செய்துகாட்டச் சொல்லலாம்.

நல்ல உலோக மிக்சர் பத்து கிலோ அளவுக்கு எடையுடையது. பிசையும்போது மேடையில் நகராமல் நிற்பதற்கு அந்த எடை உதவும். ஆனால் அதைப் பரணில் ஏற்றி இறக்க இயலாது. எனவே சமையல் மேடையில் நிலையாக வைக்க இடமிருக்கிறதா, தலையைச் சாய்க்கும்போது மேல் அலமாரியில் இடிக்குமா என்பதை வீட்டில் அளந்துகொண்ட பின்னரே கடைக்குச் செல்வோம். எடுத்து வைக்கவே சலிப்பூட்டும் கருவியை நாம் நாளடைவில் பயன்படுத்துவதில்லை.

மின்சாரமும் வெப்பநிலையும்

வெளிநாட்டிலுள்ள உறவினர் வழியே மிக்சர் வரவழைப்போர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நமது வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். அமெரிக்காவில் அது 120 வோல்ட். அங்குள்ள வீடுகளுக்காகச் செய்யப்பட்ட கருவியை இங்கு நேரடியாகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினாலும், அங்கு அளிக்கப்பட்ட உத்தரவாதம் இங்குச் செல்லுபடியாவது அரிது. கருவியின் அடியிலுள்ள தகட்டில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் எனக் குறிப்பிடப்பட்டிருப்பதை உறுதிசெய்த பின்னரே பணம் அனுப்புவது நன்று. 1,300 வாட்டுக்கு மேற்பட்ட கருவிகளை 6 ஆம்பியர் இணைப்பில் இயக்காமல், எர்த் இணைப்புடைய 16 ஆம்பியர் இணைப்பில் இயக்க வேண்டும்.

வெப்பநிலையும் கருத்தில் கொள்ளத்தக்கது. கருவி மாவைப் பிசையும்போது உராய்வினால் மாவு சூடாகிறது. பிசைந்து முடிந்த ரொட்டி மாவு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நலம். சென்னையிலோ நாக்பூரிலோ மே மாதத்தில் அறை வெப்பமே இதைக் கடந்துவிடும். அப்போது பனிக்கட்டி போட்ட நீரால் பிசைவதும், இடையிடையே நிறுத்துவதும் பயன்தரும். சிம்லாவின் சனவரியில் வெதுவெதுப்பான நீர் தேவைப்படும். கருவி உயர்ந்ததாக இருந்தாலும் இந்தக் கணிப்பு நம்முடையதே.

துடுப்பை மாட்டும்போதும் கழற்றும்போதும் மின்செருகியை அகற்றிவிட வேண்டும். முந்தானை, துப்பட்டா, நீண்ட கூந்தல் ஆகியவை சுழலும் பாகத்தின் அருகே செல்லாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

விற்பனைக்குச் செய்பவர்கள் கவனத்திற்கு

வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் மகளிர் இன்று எல்லா நகரங்களிலும் உள்ளனர். அவர்களுக்கு இக்கருவி ஆடம்பரமன்று, தொழிற்கருவி. ஒரு சனிக்கிழமை மாலையில் அது நின்றுபோனால், மறுநாள் பிறந்தநாள் விழாவுக்கான ஆர்டரும் வாடிக்கையாளரின் நம்பிக்கையும் ஒருங்கே போய்விடும்.

இங்கே பலரும் படிக்காமல் விடும் ஒரு வரி உண்டு. உத்தரவாத அட்டைகள் பலவற்றில், வீட்டு உபயோகத்திற்கு மட்டுமே உத்தரவாதம் பொருந்தும் என அச்சிடப்பட்டிருக்கும். விற்பனைக்காகப் பயன்படுத்தியது தெரிந்தால் இலவசப் பழுதுநீக்கம் மறுக்கப்படலாம். ஆகவே, நாள்தோறும் பல மணிநேரம் இயக்கும் எண்ணமிருப்பின், வணிகப் பயன்பாட்டிற்கென உத்தரவாதம் அளிக்கப்படும் கருவியைத் தேர்ந்தெடுப்பதோ, வணிகப் பயன்பாட்டை ஏற்பதாக விற்பனையாளரிடம் எழுத்தில் பெறுவதோ பாதுகாப்பானது.

சட்டத்தின் துணையும் உண்டு. வணிக நோக்கில் பொருள் வாங்குவோர் பொதுவாக நுகர்வோர் என்னும் வரையறைக்குள் வருவதில்லை. எனினும், சுயதொழில் மூலம் தமது வாழ்வாதாரத்தை ஈட்டுவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவோரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த விலக்கிலிருந்து காக்கிறது. ரசீதைப் பத்திரப்படுத்துவது இதனாலேயே இன்றியமையாதது. குறைகளுக்கு 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். உணவுப் பொருள் விற்போர் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளின்படி பதிவு செய்துகொள்வதும் கடமையாகும்.

பணக் கணக்கு

30,000 ரூபாய்க்கு ஒரு மிக்சரை வாங்கி எட்டு ஆண்டுகள் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். மாதம் இருமுறை இயக்கினால் மொத்தம் 192 முறை. ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ 156 ரூபாய் செலவு. வாரம் மும்முறை இயக்கினால் 1,248 முறை; ஒருமுறைக்கு 24 ரூபாய் மட்டுமே. ஒரே விலைதான், ஒரு வீட்டிற்கு அது மிகை, இன்னொரு வீட்டிற்கு அது சிக்கனம். இந்தக் கணக்கை நேர்மையாகப் போட, கடந்த மூன்று மாதங்களில் நாம் எத்தனை முறை ஓவனை ஏற்றினோம் என்று எண்ணிப் பார்ப்பது போதும். இனிமேல் செய்யப்போவதாக நினைக்கும் எண்ணிக்கையைச் சேர்க்க வேண்டாம்.

தவணையில் வாங்குவோர் "வட்டியில்லாத் தவணை" என்னும் சொல்லைச் சற்று ஆராய்வது நல்லது. பூச்சிய வட்டி என்பது உண்மையில் இல்லாத ஒன்று என ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. கடன் அட்டை வழியேயான இத்தகைய திட்டங்களில், பொதுவாக வட்டிக்கு ஈடான தொகையை விற்பனையாளர் தள்ளுபடியாக அளிக்கிறார். வட்டியின் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யை நாம் செலுத்துகிறோம். எடுத்துக்காட்டாக, வட்டி 1,500 ரூபாய் எனில் வரி 270 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 200 ரூபாய் எனில், வரியுடன் 236 ரூபாய். ஆக 506 ரூபாய் கூடுதல் செலவு. மேலும், முழுத்தொகையையும் உடனே செலுத்துவோருக்குத் தனித் தள்ளுபடி உண்டெனில், நாம் இழக்கும் அத்தொகையும் வட்டியே. இரண்டையும் கூட்டிப் பார்த்தபின் முடிவெடுக்கலாம்.

பண்டிகைக்கு ஆறேழு மாதம் முன்னரே ஒரு தொடர்வைப்புக் கணக்கைத் தொடங்கி, அது முதிரும்போது வாங்குவது இன்னொரு வழி. அந்த மாதங்கள் நம் ஆர்வத்தைச் சோதிக்கவும் உதவும். அதுவரை ஹேண்ட் மிக்சரோடு விடாமல் செய்துவந்தவருக்குப் பெரிய கருவி நிச்சயம் பயன்படும்.

தொழிலாகச் செய்வோர் கடன் அட்டையை நம்ப வேண்டியதில்லை. 2015-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில், பிணையின்றி 50,000 ரூபாய் வரை தொழிற்கடன் பெற வழியுண்டு. மிக்சரின் விலைப்புள்ளி, அடையாள ஆவணங்கள், நடைபெறும் விற்பனையின் எளிய கணக்கு ஆகியவற்றுடன் அருகிலுள்ள கிளையை அணுகலாம். வீட்டுச் செலவையும் தொழில் வரவையும் தனித்தனிக் கணக்குகளில் வைத்திருந்தால், மாதத் தவணையை வருமானம் தாங்குமா என்பது நமக்கும் வங்கிக்கும் ஒருசேரத் தெளிவாகும்.

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு வரிகளை எழுதிக்கொள்வோம்: மாதம் எத்தனை முறை இயக்குவோம், ஒருமுறைக்கு எவ்வளவு மாவு, மேடையில் உள்ள இடத்தின் நீள அகல உயரம், செலவிடக்கூடிய தொகை. விற்பனையாளர் எத்தனை வண்ணங்களைக் காட்டினாலும், இந்த நான்கு வரிகளுக்குப் பொருந்தும் கருவியே நம் வீட்டிற்கு உரியது. எதுவும் பொருந்தவில்லையெனில் வெறுங்கையுடன் திரும்புவதும் நல்ல முடிவே; பணம் நம் கணக்கிலேயே இருக்கும்.