சுரமானியும் யாழும்

இரத்மலானையில் என் அயல்வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கும் மாணவர் ஒருவர், சென்ற மாதம் ஒரு மாலை, வயலின் பெட்டியும் கையுமாக என் வாசலில் வந்து நின்றார். "சேர், இதை உங்கள் வீட்டில் வைக்கலாமா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கொண்டு போய்விடுகிறேன்" என்றார். ஊர் மட்டக்களப்பு; படிப்பது கட்டுபெத்தையிலுள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில், முதலாம் ஆண்டு. உயர்தர வகுப்பு வரை கணிதத்தையும் பௌதிகத்தையும் தமிழிலேயே கற்றவர், இங்கு விரிவுரைகள் ஆங்கிலத்தில் நிகழக் கண்டு திகைத்துப் போயிருந்தார். சனிக்கிழமைதோறும் நூறாம் இலக்கப் பேருந்தேறி வெள்ளவத்தைக்குச் சென்று, முதிய ஆசிரியை ஒருவரிடம் ஆங்கிலம் பயில்கிறார். இசைக்குச் செலவாகும் ஒவ்வொரு மணியும் ஆங்கிலத்தினின்று களவு போகும் மணி என்பது அவர் வீட்டார் முடிபு. அவரும் அதற்கு இணங்கிவிட்டார்.

பெட்டியை வாங்கி வைத்தேன். ஆயினும் அவரை அப்படியே அனுப்ப மனம் ஒப்பவில்லை. அவருடைய ஊர்ப்பக்கத்திலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்த மற்றொரு மாணவரைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனே அம்மாணவர். பின்னாளில் விபுலாநந்த அடிகள் என உலகறிந்தவர். ஆங்கில ஆசிரியப் பயிற்சிக்காகத் தலைநகருக்கு வந்தவர், பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றார். 1916ஆம் ஆண்டில் விஞ்ஞான டிப்புளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் அவருக்கு ஒருங்கே கிட்டின. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறினார். சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழர்க்கு அறிமுகம் செய்யும் 'மதங்க சூளாமணி' 1926இல் வெளிவந்தது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் 'யாழ்நூல்' அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

அடிகளைத் துறவியாகப் போற்றுவோர் பலர். பேராசிரியராகப் போற்றுவோரும் பலர். அவருள் இருந்த பௌதிக ஆசிரியரை நினைப்போர் அரியர். யாழ்நூலைப் புகழும் அளவிற்கு அதனைத் திறந்து பார்ப்போர் இல்லாமைக்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன்; பக்கம் புரட்டினால் பின்னமும் பெருக்கலும் எதிர்ப்படுகின்றன. நானும் பல ஆண்டுகள் அப்பக்கங்களைத் தாண்டிச் சென்றவனே. ஆனால் நூலின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

பள்ளி ஆய்வுகூடத்துச் சுரமானியை நினைத்துக்கொள்ளுங்கள். இழுவை மாறாதிருக்க, 90 சதமமீற்றர்க் கம்பியை 45 ஆகக் குறைத்தால் மீடிறன் இருமடங்காகிறது. அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கிறது. 60 ஆகக் குறைத்தால் மீடிறன் ஒன்றரை மடங்காகிறது. குரல் என்று நம் முன்னோர் வழங்கிய சட்சத்திற்கு இளி என்னும் பஞ்சமம் அது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் குரல் மாயவனாகவும், இளி பலதேவனாகவும், துத்தம் நப்பின்னையாகவும் நிற்கும் காட்சியைப் பாட்டாகச் சுவைப்போர் எத்தனையோ பேர். அங்கே நிற்பவை நரம்புகள் என்றும், அவற்றிடையே அளக்கத்தக்க உறவுகள் உண்டு என்றும் கொண்டு, வழக்கொழிந்த யாழைக் கணக்கினால் மீட்கத் துணிந்தவர் அடிகள். காப்பியம் தமிழிலிருந்தும் அளக்கும் முறை ஆங்கிலத்தில் அவர் கற்ற விஞ்ஞானத்திலிருந்தும் வந்தன. ஒன்றைக் கைவிட்டிருந்தால் மற்றதும் அங்கே பயன்பட்டிராது.

சர் சி. வி. இராமன் கதையும் இதற்கு அயலானதன்று. ஒலியுணர்ச்சி பற்றி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய செர்மானிய நூலை ஆங்கில வடிவிற் படித்ததைத் தம்மை உருவாக்கியவற்றுள் ஒன்றாக அவர் குறிப்பிட்டுள்ளார். மிருதங்கத்தின் வலப்புறத் தோலில் அப்பும் கரிய சாந்தே அதன் மேற்றொனிகளை இசைவுபடுத்துகிறது என்பதைத் துணைவர் ஒருவருடன் 1920இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார்.

மாணவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். என் பழைய யாழ்நூற் பிரதியைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் எழுதிய ஒலியியற் பாடநூல் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். வயலின் என் புத்தக அலுமாரியின் மேலேயே இருந்தது. இரண்டு கிழமைகள் அவரைக் காணவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை, வெள்ளவத்தையிலிருந்து திரும்பும் வழியில் வந்தார். கையிலிருந்த கொப்பியில் ஒரு கணக்கு. இளிக்கு இளியாகப் பன்னிரு முறை ஏறினால் ஏழு தானங்கள் கடந்து குரலிலேயே வந்து சேரவேண்டும். குரலின் மீடிறன் அங்கே 128 மடங்கு. கணக்கோ ஏறத்தாழ 129.7 என்கிறது. வட்டம் மூடவில்லை! இதை ஆசிரியையிடம் ஆங்கிலத்தில் விளக்கினாராம். இடையிடையே சொல் தட்டுப்பட்டாலும் பத்து நிமிடம் தொடர்ந்து பேசினாராம், ஆசிரியை ஒரு பிழையையும் திருத்தாமல், "பிறகு?" "பிறகு?" என்று மட்டும் கேட்டாராம்.

"அந்த மிச்சத்தை அடிகள் என்ன செய்தார், சேர்?" என்றார்.

"நூல் உங்களிடம்தானே இருக்கிறது, தம்பி" என்றேன்.

அவர் சிரித்தார். அலுமாரியை அண்ணாந்து பார்த்தார். முக்காலியை நானே இழுத்துக் கொடுத்தேன்.