மாற்றுச் சக்கரம்: பளபளப்பும் பத்திரமும்

நம் சங்க அன்பர்களில் லாரி, பிக்கப் வண்டி வைத்துத் தொழில் நடத்துபவர்கள் உண்டு. அவர்களிடமிருந்து அண்மைக் காலமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "கம்பெனி சக்கரத்தைக் கழற்றிவிட்டு அலாய் வீல் போடலாமா? எத்தனை நாள் உழைக்கும்? அடிபட்டால் சரி செய்துகொள்ளலாமா?" ரயில்வேயில் சக்கரத்தோடும் அச்சோடும் காலம் கழித்தவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். தண்டவாளச் சக்கரம் வேறு, சாலைச் சக்கரம் வேறு. ஆனாலும் இரண்டும் கெடும் விதம் ஒன்றுதான். அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

சக்கரம் களைக்கிறது

பள்ளத்தில் விழுந்த ஒரே அடியில் சக்கரம் உடைந்து போவது அபூர்வம். நெளியும், நசுங்கும். உடைவது பெரும்பாலும் களைப்பினால்தான். ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாகப் பத்து முறை வளைத்தால் ஒடிந்துவிடுகிறதல்லவா? அதே கதைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய லாரியின் டயர் ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் 300 முறை சுற்றுகிறது. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு 3 கோடி சுற்று. 2018-ல் மத்திய அரசு உயர்த்திய வரம்பின்படி, நான்கு டயர் உள்ள ஓர் அச்சில் 11.5 டன் வரை ஏற்றலாம். சக்கரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.9 டன். ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பாரம் சக்கரத்தின் ஒவ்வொரு பகுதியையும் வளைத்து விடுகிறது. வரம்புக்கு மேல் ஏற்றுபவர்கள் டயர் தேய்மானத்தை மட்டும் பார்க்கிறார்கள். உள்ளே இரும்பு களைப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த உண்மையை உலகுக்குக் கற்பித்தது ரயில்தான். 1842 மே மாதம் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, வண்டி தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பார்வைக்கு நல்ல இரும்பு ஏன் முறிந்தது என்ற கேள்வி அப்போது எழுந்தது. பின்னர் பிரஷ்ய ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் அச்சுகளை லட்சக்கணக்கான முறை சுற்றிச் சோதித்து, திரும்பத் திரும்ப வரும் சிறு பாரமும் உலோகத்தை உடைக்கும் என்று காட்டினார்.

இரும்பும் அலுமினியமும்

இரும்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பாரம் இருந்தால், எத்தனை கோடி முறை சுற்றினாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் அடித்தளம் கிடையாது. பாரம் குறைந்தால் ஆயுள் நீளும், அவ்வளவே.

இதனால் அலுமினியச் சக்கரம் ஆகாது என்று பொருளல்ல. அமெரிக்காவின் அல்கோவா நிறுவனம் 1948-லேயே லாரிகளுக்கு அலுமினியச் சக்கரம் செய்தது. ஆனால் அது உருக்கி வார்த்தது அல்ல. பெரும் அழுத்தத்தில் அடித்து உருவாக்கியது. அடிக்கும்போது உலோகம் இறுகி, உள்ளே ஓட்டைகள் இல்லாமல் ஆகிறது. பெரிய லாரியின் இரும்புச் சக்கரம் 35 முதல் 40 கிலோ வரை இருந்தால், இவ்வகை அலுமினியச் சக்கரம் 20 முதல் 25 கிலோவில் முடிந்துவிடும். குறைந்த எடைக்குச் சரக்கு ஏற்றலாம். சூடும் சீக்கிரம் ஆறும்.

வார்ப்புச் சக்கரம் மலிவு. ஆனால் வார்க்கும்போது உள்ளே சிக்கிய காற்றுக் குமிழி ஒவ்வொன்றும் ஒரு விரிசலுக்கு விதை. ஆகவே யார் செய்தது, எவ்வளவு பாரத்துக்குச் சோதித்தது என்பதே முக்கியம். லாரி, பஸ் சக்கரங்களுக்கு ஐ.எஸ். 9438, அலுமினியக் கலவைச் சக்கரங்களுக்கு ஐ.எஸ். 16192 என்று நம் நாட்டில் தர விதிகள் உள்ளன. 2020-ல் மத்திய அரசு ரிம்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி ஆணையும் பிறப்பித்தது. பாரம், அளவு, முத்திரை இம்மூன்றும் பொறிக்காத சக்கரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஜெர்மனி சொன்ன பாடம்

மாற்றுச் சக்கரத்தின் ஆபத்தை விளக்க ரயிலிலிருந்தே ஓர் உதாரணம். ஜெர்மனியின் ஐ.சி.இ. அதிவேக ரயிலுக்கு முதலில் ஒரே துண்டாகச் செய்த சக்கரங்களே இருந்தன. சாப்பாட்டுப் பெட்டியில் அதிர்வு அதிகம் என்று குறை வந்தது. அதைப் போக்க, நடுவில் ரப்பர் வளையம் வைத்து வெளியே இரும்புப் பட்டை மாட்டிய சக்கரங்களைப் போட்டார்கள். டிராம் வண்டியில் நன்றாக ஓடிய வடிவம்தான் அது. அதிர்வும் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பட்டை சற்றே நசுங்கி நிமிர்ந்தது. அதன் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில் விரிசல் பிறந்தது. 1998 ஜூன் 3 அன்று எஷடே என்ற ஊருக்கு அருகே, 200 கிலோமீட்டர் வேகத்தில், பட்டை அறுந்தது. 101 பேர் மாண்டனர். பின்னர் ஒரே துண்டுச் சக்கரத்துக்கே திரும்பினார்கள்.

ஓரிடத்தில் நன்றாக ஓடிய சக்கரம் வேறு பாரத்தில், வேறு வேகத்தில் நன்றாக ஓடும் என்று எண்ணக்கூடாது. காருக்குச் செய்த அலாய் வீல் துளைகள் பொருந்துகின்றன என்பதற்காகப் பிக்கப் வண்டியில் மாட்டுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

முதலில், போல்ட் துளைகளின் வட்டம், நடுத்துளை, பாரம் மூன்றும் வண்டிக்குச் சரியாக இருக்க வேண்டும். நடுத்துளை ஹப்பில் கச்சிதமாக உட்காராவிட்டால் போல்ட்டுகளே எல்லா அடியையும் வாங்கும்.

இரண்டாவது, சக்கரம் வெளியே தள்ளி நிற்கக் கூடாது. பார்க்க அகலமாக, கம்பீரமாக இருக்கும். ஆனால் பாரம் பேரிங்கை விட்டு வெளியே போய்விடும். உள்ளே தள்ளி நின்றால் இரட்டைச் சக்கரத்தில் டயர்கள் உரசும்.

மூன்றாவது, நட்டின் அமர்விடம். சில சக்கரங்களுக்குத் தட்டையான நட்டு, சிலவற்றுக்குக் கூம்பு நட்டு. மாற்றிப் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் பிடி நிற்காது. சக்கரம் ஹப்பில் உட்காரும் முகத்தில் கனமாகப் பெயிண்ட் அடிக்காதீர்கள். பெயிண்ட் நசுங்கினால் நட்டு தளரும். மாட்டிய பின் 50 முதல் 80 கிலோமீட்டருக்குள் நிறுத்தி, டார்க் ரெஞ்சினால் மறுபடி இறுக்க வேண்டும்.

நான்காவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது.

மலைப்பாதையில் ஓடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலம் இறங்கும் திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் டிரம்மின் கொதிப்பு நேரே சக்கரத்துக்குப் போகும். அலுமினியம் நீடித்த சூட்டில் வலிமை இழக்கும். கீழ் கியரில் இறங்குவது பிரேக்குக்கு மட்டுமல்ல, சக்கரத்துக்கும் காப்பு.

எதைச் சரி செய்யலாம்?

துரு சுரண்டலாம், பெயிண்ட் அடிக்கலாம், வால்வு மாற்றலாம். போல்ட் ஒன்று ஒடிந்தால் அதையும் அதன் இரு பக்கத்துப் போல்ட்டுகளையும் சேர்த்து மாற்றலாம். விரிசலை வெல்டிங் செய்யக் கூடாது. இது இரும்புக்கும் பொருந்தும், அலுமினியத்துக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அலாய் வீலின் பலம், செய்யும்போது சூடாக்கிப் பதப்படுத்தியதில் இருக்கிறது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்து, தையலுக்குப் பக்கத்தில் மென்மையான பட்டை ஒன்றை உண்டாக்கும். அடுத்த விரிசல் அங்கேதான். அமெரிக்காவில் 1980-ல் வந்த தொழிலாளர் பாதுகாப்பு விதி, விரிந்த, நெளிந்த லாரி ரிம்மைச் சூடாக்குவதையும் ஒட்டுவதையும் அடியோடு தடை செய்தது. நம்மூரில் இரும்பு ரிம்மின் விளிம்பு நெளிவைப் பிரஸ்ஸில் வைத்து எடுக்கிறார்கள். பார வண்டிக்கு அதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து.

நஞ்சன்கூடு சாலையில் ஒரு பட்டறையில், போல்ட் துளையிலிருந்து கிளம்பிய விரிசலை ஆர்கான் வெல்டிங் செய்து, தேய்த்து, மெருகேற்றி வைத்திருந்ததைப் பார்த்தேன். நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "பாருங்க சார், புதுசு மாதிரியே இருக்கு." "அதுதான் தம்பி பயம்," என்றேன். "நேத்து வரைக்கும் விரிசல் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சது. இனிமே தெரியாது."

விரிசலைத் தேட எளிய வழி உண்டு. நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். போல்ட் துளைகளுக்கு நடுவிலும், கைத்துளைகளின் ஓரத்திலும், ரிம்மும் டிஸ்க்கும் சேரும் தையலிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் சிவப்புச் சாயத்தைப் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகத் தானே எழுந்து நிற்கும்.

கண்டம்

தேய்ந்த, கெட்ட பொருளைக் கழிப்பதை ரயில்வே தொழிலாளர்கள் "கண்டம்" என்பார்கள். எல்.ஹெச்.பி. பெட்டியின் சக்கரம் புதிதில் 915 மில்லிமீட்டர் விட்டம். கடைந்து கடைந்து 845-க்கு வந்தால் கண்டம். விரிசல் கண்டால் அளவே பார்ப்பதில்லை, உடனே கண்டம். முதலாளியின் மனசு, டிரைவரின் அவசரம், சரக்கின் கெடு எதுவும் அங்கே குறுக்கே வராது. அந்த வரம்பு எழுதி வைத்தது.

சாலை வண்டியில் இதை எழுதி வைப்பவர் இல்லை. நீங்கள்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பெயிண்டில் ஓர் எண் போடுங்கள். ஒரு நோட்டில் மாட்டிய தேதி, ஓடிய தூரம், பட்ட அடி எல்லாம் குறியுங்கள். விரிசல் கண்ட சக்கரத்தை காஸ் கட்டரால் இரண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்கள். முழுதாக விற்றால் அது மெருகேறி இன்னொருவர் வண்டிக்குப் போய்விடும்.

கழன்று ஓடும் லாரிச் சக்கரம் டிரைவரை விட்டுவிட்டு, ஓரமாகப் பஸ்ஸுக்கு நிற்பவரையோ, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையையோதான் தாக்கும். சாஸ்திரத்தில் கண்டம் என்றால் உயிருக்கு வரும் ஆபத்து. சக்கரத்துக்கு நாம் உரிய நேரத்தில் கண்டம் போட்டுவிட்டால், மனிதருக்கு வரும் கண்டம் விலகும்.