வழிகாட்டி இல்லாமல் ஆல்ப்ஸ்

ஆல்ப்ஸ் சிகரங்களில் வழிகாட்டி இல்லாமல் ஏறுவதை அசட்டுத் துணிச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆங்கிலேயப் பாதிரியார் சார்லஸ் ஹட்சன் 1855-இல் வழிகாட்டியின்றியே நண்பர்களோடு மோன் பிளாங்க் உச்சியை எட்டித் திரும்பினார். அவரே 1865-இல், கைதேர்ந்த வழிகாட்டிகள் உடனிருந்தும், மேட்டர்ஹார்னிலிருந்து இறங்கும்போது விழுந்து இறந்தார். அனுபவம் குறைந்த ஒருவர் கால் வழுக்கியதில் நால்வர் பலி; அவர்களில் ஒருவர் வழிகாட்டி!

அப்படியானால் வழிகாட்டி எதற்கு என்று கேட்கலாம். 4,478 மீட்டர் உயர மேட்டர்ஹார்னின் ஹொர்ன்லி முகட்டில் தடம் தவறினால் மணிக்கணக்கில் நேரம் போய்விடும். பிற்பகல் இடிமழை யாருக்காகவும் காத்திருக்காது. வழிகாட்டி மிச்சப்படுத்துவது அந்த நேரத்தைத்தான். அதனால், தனித்துப் போகிறவர்களில் விவரமானவர்கள் முதல் நாளே பகல் வெளிச்சத்தில் முகட்டின் அடிப்பகுதியை ஏறிப் பார்த்து வைக்கிறார்கள். மறுநாள் அதை இருட்டில் கடக்க வேண்டியிருக்கும்.